மறந்துபோன மாவீரர்கள் – 7: முகம் காட்டாத பச்சை ஆமை

சென்ற வாரம் பார்த்த வொண்டர் மேன் ஒரே இதழில் வந்து, வழக்கில் மாட்டி, அதோடு காணாமல் போனவர். இந்த வாரத்து ஆள் ஐந்து இதழ்கள் தாக்குப்பிடித்தார். ஆனால் அந்த ஐந்திலும் அவர் முகத்தை ஒருவரும் சரியாகப் பார்த்ததில்லை.

பெயர் கிரீன் டர்ட்டில், அதாவது பச்சை ஆமை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லும் நமக்கு இப்படியொரு சூப்பர் ஹீரோ சற்று விநோதம்தான். சீனத்தில் ஆமை வடதிசையின் காவல் விலங்கு. இவரைப் படைத்தவரும் சீன அமெரிக்க ஓவியர்தான்: சூ ஹிங். 1944 ஜூனில் 'பிளேசிங் காமிக்ஸ்' முதல் இதழில் பச்சை ஆமை அறிமுகமானார். வெற்று மார்பு, ஆமையோடு வரைந்த பச்சை அங்கி, முகமூடி, சொந்தமாக ஒரு விமானம். களம் அமெரிக்க நகரம் அல்ல. ஜப்பானியப் படைகளின் பிடியில் இருந்த சீனா.

கதையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போர்க்காலத்து மலிவுத் தாள் சாகசம். எதிரி வருவான், அடி வாங்குவான், ஓடுவான். படங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் பச்சை ஆமை நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். அடுத்ததில் திரும்புகிறார், ஆனால் குத்துவதற்கு ஓங்கிய அவர் கையே முகத்தை மறைக்கிறது. இன்னொன்றில் நிழல், மற்றொன்றில் ஏதோ மேசை நாற்காலி. எதிரிகளின் முகமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, கதாநாயகனுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதாவது குறுக்கே வந்துவிடுகிறது. கூடவே சுற்றும் சிறுவன் பர்மா பாய், 'நீங்கள் உண்மையில் யார்?' என்று கேட்கத் தொடங்கினால் போதும், அந்த நொடியில் எங்கோ ஓர் ஆபத்து முளைக்கும். பதில் வராது.

ஏன் இப்படி? காமிக்ஸ் உலகில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. தன் நாயகன் சீனனாக இருக்க வேண்டும் என்று சூ ஹிங் ஆசைப்பட்டாராம். அது விற்காது என்று பதிப்பாளர் மறுத்துவிட்டாராம். சரி, முகத்தையே காட்டாவிட்டால் அவன் யார் என்று நான் வைத்துக்கொள்ளலாமே என்று ஓவியர் முடிவு செய்தாராம். இதற்கு எழுத்து ஆதாரம் கிடையாது. ஆனாலும் நான் இதை நம்பும் பக்கம்தான். நாயகன் ஏற்கெனவே முகமூடி போட்டவர். மூடிய முகத்தை இன்னொரு முறை மூட ஓவியருக்கு வேறு என்ன தேவை?

காலத்தையும் பார்க்க வேண்டும். 1937இல் வந்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' முதல் இதழின் அட்டையையே ஒரு சீன வில்லனின் முகம்தான் அடைத்திருந்தது. சீனர்கள் குடியேறுவதற்கு 1882இல் அமெரிக்கா போட்ட தடை, சீனா போர்க்கூட்டாளி ஆனபிறகு 1943 டிசம்பரில்தான் நீங்கியது. அதுவும் ஆண்டுக்கு 105 பேர் என்ற கணக்கில். பச்சை ஆமை கடைக்கு வந்தது அடுத்த ஆறே மாதத்தில். நட்பு நாடு என்பது வேறு, நாயகன் என்பது வேறு போலிருக்கிறது.

இதில் வேடிக்கை, வண்ணம் போட்டவர்கள் செய்த வேலை. 'இவன் வெள்ளைக்காரன்தான், சந்தேகமே வேண்டாம்' என்று அடித்துச் சொல்வதுபோல, பச்சை ஆமையின் உடம்புக்கு எந்த மனிதத் தோலிலும் இல்லாத ஓர் இளஞ்சிவப்பைப் பூசிவிட்டார்கள். போதாததற்கு, அவர் பின்னால் எப்போதும் கண்ணும் வாயும் வைத்த ஓர் ஆமை நிழல் தொடரும். அது என்ன, எங்கிருந்து வந்தது? ஐந்து இதழ்களிலும் விளக்கம் இல்லை.

எழுபது ஆண்டுகள் கழித்து அந்த விளக்கத்தை எழுதியவர் ஜீன் லூயென் யாங். படம் வரைந்தவர், மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சன்னி லியூ. 2014இல் வந்த 'த ஷேடோ ஹீரோ'வில் பச்சை ஆமை சைனாடவுன் மளிகைக்கடைக்காரரின் மகன் ஹாங்க். சூப்பர் ஹீரோ ஆகும் ஆசை அவனுக்கு இல்லை, அவன் அம்மாவுக்கு! நம் ஊரில் மகனை எஞ்சினியரிங்குக்குத் துரத்தும் தாய்மார்கள் தோற்றார்கள். அந்த நிழல், சீனாவின் பழந்தெய்வங்களில் ஒன்றான ஆமை என்று ஆகிறது. இளஞ்சிவப்புக்கும் காரணம் கிடைக்கிறது: மகனுக்கு எப்படியாவது சக்தி வரவேண்டும் என்று அந்த அம்மா செய்த ரசாயனக் கூத்தில், தண்ணீர் பட்டால் அவன் தோல் அந்த நிறமாகிவிடும். 1944இல் வண்ணக்காரர்கள் பூசிய பூச்சை யாங் கிண்டலாகத் திருப்பிக் கொடுத்த இடம் இது. எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

சூ ஹிங்கின் பழைய கதை ஒன்றையும் புத்தகத்தின் கடைசியில் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். யாருக்கும் உரிமை இல்லாத பொதுச்சொத்தாக நாயகன் ஆகிவிட்டதால், யாரிடமும் அனுமதி கேட்கும் அவசியம் இருக்கவில்லை.

(அடுத்த வாரம்: குற்றவாளிகளுக்குக் கொடூரமும் கோமாளித்தனமும் கலந்த தண்டனைகளைக் கொடுத்த விண்வெளி மந்திரவாதி ஸ்டார்டஸ்ட்)