இரு காதுக்கு இரு ஓசை!

ஆழியாறு அடிவாரத்திலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்கே மழை இரவில் தூக்கம் வராமல் புரளும் ஒருவர், உறக்கம் தருமென்று சொல்லப்படும் 'இரு காது அதிர்வு' ஒலிப்பதிவைக் கைபேசியில் கேட்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேர 'வேவ்' பதிவோ 300 மெகாபைட்டுக்கு மேல்! சுருக்கத்தான் வேண்டும். ஆனால், எப்படி?

இந்த விந்தையைக் கண்டவர் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி டோவே. ஒரு காதில் விநாடிக்கு 200 அதிர்வுள்ள ஓசை; மறு காதில் 210. இரண்டும் காற்றில் கலப்பதில்லை, மூளையில்தான் சந்திக்கின்றன. அங்கே விநாடிக்குப் 10 துடிப்புகள் பிறக்கின்றன!

ஆகவே, எம்பி3 ஆக மாற்றும்போது 'மோனோ' கூடவே கூடாது. இரண்டு ஓசையும் ஒன்றாகிவிடும். 'ஸ்டீரியோ'வில், 192 கிலோபிட் வேகத்தில் மாற்றினால் சுமார் 43 மெகாபைட்டில் அடங்கும். மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

பிறகு ஒரு சோதனை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேளுங்கள். இசை கலவாத பதிவானால், ஓசை சீராக நிற்க வேண்டும். துடித்தால், இரண்டும் கலந்துவிட்டன என்று அர்த்தம். கைபேசி ஒலிபெருக்கியில் கேட்பதும் வீண்தான்.

உறக்கம் நிச்சயமா? ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. டாக்டரை மறவாமல், மெல்லிய ஒலியில் கேளுங்கள். தூங்கினால் லாபம், தூங்காவிட்டால் நஷ்டமில்லை!