மகவுடைய தாயும் பணிநேரமும்

திருச்சிராப்பள்ளி மலைமேல் எழுந்தருளியிருக்கும் இறைவர்க்குத் தாயுமானவர் என்னும் திருப்பெயர் வழங்கி வருதலை யாவரும் அறிவர். கருவுற்ற மகளுக்கு உதவப் புறப்பட்ட அன்னை, காவிரி பெருக்கெடுத்தமையால் அக்கரையிலேயே தங்கிவிட, இறைவரே அவ்வன்னையின் வடிவில் வந்து பேறு பார்த்தார் என்பது தலவரலாறு. யாம் கிறித்தவராயினும், பிறந்த ஊரின் இவ்வரலாற்றை இளமை முதலே கேட்டு வளர்ந்தோம். பேறு முடிந்து, விடுப்பும் கழிந்து, பணிக்குத் திரும்பும் தாய்க்கு நேரும் இடர் வேறொன்று. அதனைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

திருவரங்கத்தில் எம் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர், ஆற்றுக்குத் தென்பால் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பணி செய்து வந்தார். மகப்பேற்று விடுப்பு முடிந்து அவர் மீண்டும் கடைக்குச் சென்றபோது மகவுக்கு நான்கு திங்கள். நண்பகலில் பால் கட்டி வருந்துவார். உணவு வேளையன்றி வேறு ஓய்வு கேட்கத் தமக்கு உரிமையில்லையென எண்ணி வாளாவிருந்தார். மூன்றாம் திங்களில் வேலையை விட்டொழிந்தார். உரிமை இருந்தது, அதனை அவர் அறியார், அறிவிப்பாரும் இலர்.

அவ்வுரிமை நேற்றுத் தோன்றியதன்று. 1919-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரிற் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்துள்ளேயே நாடோறும் இருமுறை, முறைக்கு அரைமணி நேரம் விடுதல் வேண்டுமென உடன்படிக்கை வகுத்தது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம், வழக்கமான ஓய்வுவேளைக்கு மேற்பட, பாலூட்டுதற்கென்று இரண்டு இடைவேளைகளை அளித்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பழைய சட்டத்தின் இடத்தில் நின்று இவ்வுரிமைகளைத் தொடர்ந்து வழங்குகின்றது. பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் கடைகளும் இதன்பாற்படும்.

இனி, திரும்பி வரும் தாய்க்கு உரியவை யாவை எனின், கூறுதும். மகவுக்கு 15 திங்கள் நிரம்புமளவும் நாடோறும் இரு பாலூட்டு இடைவேளைகள் உண்டு. அவற்றின் பொருட்டுக் கூலியைக் குறைத்தல் ஆகாது. விடுப்பில் இருந்தமை காரணமாக வேலையினின்று நீக்குதலும், பணி நிபந்தனைகளை அவர்க்குத் தீங்காக மாற்றுதலும் கூடா. ஐம்பது பேர் பணிபுரியும் நிலையங்களிற் குழந்தைகள் காப்பகம் அமைதல் வேண்டும். தாய் அங்கு நாளொன்றுக்கு நான்குமுறை சென்று வரலாம். வேலையின் இயல்பு இடந்தருமாயின், இருவரும் உடன்பட்டு வீட்டிலிருந்தே பணிசெய்தலும் அமையும். ஆயின் வேலைநேரத்தையே குறைக்குமாறு கேட்கும் உரிமையைச் சட்டம் அளிக்கவில்லை. துணிக்கடைப் பணியை வீட்டிலிருந்து செய்தலும் இயலாது. எனவே, எம் தெருவினர் போன்ற தாய்மார்க்கு அவ்விரு இடைவேளைகளே கைம்முதல்.

இங்கு ஒரு கணக்கை நோக்குக. 26 வாரங்களுள் எட்டு வாரம் வரை பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். அங்ஙனம் எடுத்தவர் திரும்பும்போது மகவுக்கு 18 வாரமே நிரம்பியிருக்கும். ஆறு திங்கள் வரை தாய்ப்பாலே உணவாதல் வேண்டுமென்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. தமிழ்நாட்டு அரசுப் பணியிலுள்ள தாய்க்கு 2021 முதல் 12 திங்கள் விடுப்புண்டு. கடையிற் பணிபுரியும் தாய்க்கு அஃதின்மையால், பால் மறவாத மகவை விட்டே அவர் ஆற்றைக் கடக்கவேண்டும். பெரிய கடைவீதியினின்று புறப்பட்டுச் சத்திரம் பேருந்து நிலையத்திற் பேருந்து ஏறி, காவிரிப் பாலங் கடந்து, திருவரங்கத்து வீட்டை அடைந்து, பாலூட்டி மீளுதல் அரைமணி நேரத்தில் ஆவதோ? சட்டம் நேரத்தைத் தந்தது. மகவோ அக்கரையில் உள்ளது. அன்று தாயை மகளினின்று பிரித்த காவிரி, இன்று தாயை மகவினின்று பிரித்து நிற்கின்றது.

ஆதலின் நேரத்தோடு இடமும் அமைதல் வேண்டும். சிறு கடைகள் தனித்தனியே காப்பகம் அமைத்தல் அரிது. சட்டமும் அவற்றைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயின் பல நிலையங்கள் பொருள் சேர்த்துப் பொதுக் காப்பகம் அமைக்கவும், நகராட்சி மன்றத்தின் காப்பகத்தைப் பயன்படுத்தவும் அச்சட்டமே வழி காட்டுகின்றது. தெப்பக்குளத்தைச் சூழ்ந்த வணிகப் பெருமக்கள் ஒன்றுகூடி ஓரறையும் ஒரு செவிலியும் ஏற்படுத்துவராயின், இடைவேளை உண்மையில் இடைவேளையாகும். பழகிய பணியாளரை இழக்கும் நட்டமும் கடைக்கு இராது.

பாலூட்டும் வேளைக்குக் கூலி ஏன் என வினவுவாரும் உளர். நீரிற் கண்டெடுத்த மோசேயை வளர்க்கப் பார்வோன் குமாரத்தி, அவன் தாய் என்றறியாமலே அத்தாயையே அமர்த்தி, பாலூட்டுதற்குச் சம்பளமும் கொடுத்தாள் எனத் திருமறை கூறுகின்றது. அரசன் மகள் அன்று மறுக்காததை இன்று நாம் மறுத்தல் தகுமோ?

அன்பர்களே, நம் இல்லங்களிலும் தெருக்களிலும் பணிக்குத் திரும்பும் தாய்மார் பலர் உளர். இரண்டு இடைவேளை, 15 திங்கள், கூலி குறையாமை: இம்மூன்றையும் அவர்க்கு எடுத்துரைப்போம், மறுக்கப்படின் தொழிலாளர் துறை அலுவலரிடம் முறையிடத் துணைநிற்போம். எம் தெருவின் அம்மையார்க்கு அதனை யாம் காலங்கடந்தே கூறினோம். அடுத்தவர்க்கேனும் காலத்திற் கூறுவோமாக.