கன்னத்தில் ஒரு துடிப்பு

நாம் மனத்தில் நினைத்தால் போதும், யந்திரம் அதை அறிந்து காரியத்தை முடித்துவிடும் என்று கேட்கும்போது மந்திரவாதிக் கதைகள்தான் ஞாபகம் வருகின்றன. மூளையில் மின்சார அலைகள் எழுவது என்னவோ மெய்தான். ஜெர்மனியில் யேனா நகரத்து மனோவியாதி வைத்தியர் ஹன்ஸ் பெர்கர் 1924-ம் வருஷத்திலேயே அவற்றைப் பதிவு செய்து, 1929-ல் உலகத்துக்கு அறிவித்தார். ஆனால் மண்டையோட்டைத் தாண்டி வரும் அந்த அலையின் வலிமை எவ்வளவு? ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றில் சில பத்துக் கூறுகளே! கண் இமைத்தாலும் பல்லைக் கடித்தாலும் எழும் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். சந்தை இரைச்சலில் ரகசியம் கேட்பது போலத்தான்.

இவ்வித்தை நடைமுறையில் எவ்வளவு தூரம் உதவும் என்பதை ஸ்டீபன் ஹாக்கிங்கின் அநுபவம் நன்கு காட்டும். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் அந்தப் பௌதிக மேதையை 21-வது வயதிலேயே, தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நரம்பு நோய் பற்றிக்கொண்டது. 1985-ல் உயிரைக் காப்பதற்காகத் தொண்டையில் துளையிட்டதில் பேச்சும் போயிற்று. விரலால் ஒரு பொத்தானை அழுத்தி, கம்ப்யூட்டர் திரையில் சொற்களைப் பொறுக்கிப் பேசிவந்தார். நிமிஷத்துக்குச் சுமார் 15 வார்த்தை. பிறகு விரலும் ஓய்ந்தது. அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். அதிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கதிர் கன்னத்தில் விழும். திரையில் எழுத்துக்கள் முறையாகச் சுட்டப்பட்டு வருகையில், வேண்டிய இடத்தில் கன்னத் தசையைச் சற்றே அசைத்தால் கருவி அதை உணர்ந்துகொள்ளும்.

அத்தசையும் தளர்ந்து, 2011-ல் நிமிஷத்துக்கு ஓரிரு வார்த்தையே தேறிற்று. இன்டெல் கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரான கார்டன் மூருக்கு எழுதி உதவி கேட்டார். நிபுணர்கள் வந்தார்கள், மூளை அலைகளைப் படிக்கும் தொப்பியை அணிவித்தார்கள். நிபுணரிடம் ஒழுங்காக வேலை செய்த தொப்பிக்கு ஹாக்கிங்கின் அலை தெளிவாக அகப்படவில்லை. பிரபஞ்சத்தின் தோற்றத்தையே ஆராய்ந்த மூளை அது! பார்வை செல்லும் திசையைக் கவனிக்கும் கருவியையும் பரீக்ஷித்தார்கள். இமைகள் தாழ்ந்திருந்தபடியால் அதுவும் பயன்படவில்லை.

கடைசியில் பழைய கன்னக் கருவியே நிலைத்தது. கம்ப்யூட்டருக்குத்தான் புதுப் பாடம் நடந்தது. ஹாக்கிங்கின் எழுத்துக்களை அதற்குப் புகட்டியதால், ஓரிரு எழுத்துக் கிடைத்ததும் அவர் நினைத்த சொல்லை அதுவே ஊகித்து முன்வைத்தது. எழுதும் வேகம் இரு மடங்காயிற்று என்று 2014-ல் இன்டெல்லார் தெரிவித்தார்கள். குரலை மாற்றுவதற்கு மாத்திரம் அவர் இணங்கவில்லை. யந்திரக் குரலானாலும் அது தம் குரலாகிவிட்டது அல்லவா?

2018-ல் அவர் காலமானார். அவருக்காக அமைத்த அந்த ஏற்பாட்டை 2015-லேயே எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். கன்னம் அசையாதவர்கள் புருவத்தை உயர்த்தியும் அதை இயக்கலாம்.