தீவகத்தில் வீடு வளவு வாங்குதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கடல் சூழ்ந்து கிடக்கும் வேலணை, புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலியவற்றைத் தீவகம் என ஒரு பெயராற் கூறுவர். இவற்றுள் வேலணையும் காரைநகரும் தாம்போதிகளாற் குடாநாட்டோடும், புங்குடுதீவு அவ்வாறே வேலணையோடும் இணைந்துள்ளன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பவற்றுக்குக் கடல்வழியே வழி. 1990, 1991ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த போரினால் வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் குடிகளிற் பெரும்பாலார் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்தனர். அன்று பூட்டிய வீடுகளுட் பல இன்றுங் கூரையிழந்து நிற்கின்றன. அவற்றுக்கு உரியோர் சிலர் மீள வந்து குடியேறுகின்றனர். சிலர் விற்க விரும்புகின்றனர். புறத்தூரார் சிலர் வாங்க விரும்புகின்றனர். ஆதலால், தீவகத்தில் வீடு வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

பட்டினத்தில் வீடு வாங்குவோன் விற்பவன் ஒருவனோடு பேசி முடித்தல் பெரும்பாலும் போதும். தீவகத்திலோ விற்பவன் ஒருவனாயினும் இசைய வேண்டியோர் பலராவர். பங்காளர் இசைய வேண்டும். அயலார் எல்லையை ஒப்ப வேண்டும். கிணற்றிற் பங்குடையோர் நீர் விட வேண்டும். ஈற்றிலே கடலும் இடங்கொடுத்தல் வேண்டும். இவருள் ஒருவரை மறந்து வாங்கிய வீடு, பணங்கொடுத்து வாங்கிய வழக்காகவே முடியும்.

முதலாவது பங்காளரைப் பற்றிக் கூறுவாம். யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்து 1707ஆம் ஆண்டில் நிறைவேற்றினார். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பை ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் சட்டமாக ஏற்றனர். இதன்படி ஆதனம் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூவகைப்படும். விற்பவன் கையிலுள்ள வளவு எவ்வகையைச் சேர்ந்தது என்பதே வாங்குவோன் கேட்க வேண்டிய முதல் வினா. தேடிய தேட்டமாயின் வாழ்க்கைத் துணைக்கும் அவர் வழியினர்க்கும் அதிற் பாத்தியதை இருத்தல் கூடும். விவாகமான பெண் தன் அசையா ஆதனத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. ஆதலின், பழைய உறுதிகளை ஆராயும்போது அச்சம்மதம் உண்டோ என நோக்குதல் அவசியம்.

தேசவழமையின் மற்றொரு சிறப்பு முற்கொள்ளும் உரிமையாகும். ஆதனம் அந்நியர் கைக்குப் போகுமுன் அதனைத் தாமே விலைக்கு வாங்கிக்கொள்ளும்படி குறித்த சிலர்க்கு அளிக்கப்பட்ட உரிமை அது. முற்காலத்தில் அஃது அயலார் சிலருக்கும் இருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதனைக் கூட்டுரிமையாளர்க்கும், விற்பவன் மரணசாசனமின்றி இறந்தால் உரித்தாளர் ஆகக்கூடியவர்க்கும் என வரையறுத்தது. இவர்களுக்கு முறைப்படி அறிவியாது விற்ற பங்கை இவர்கள் நியாயஸ்தலத்தின் மூலம் தம் பக்கந் திருப்பிக்கொள்ளுதல் கூடும்.

பங்கு எங்ஙனம் சிதறுகின்றது என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டுவாம். மனைவியை முன்னரே இழந்த ஒருவர், சீதனம் பெறாத நான்கு மக்களை விட்டு, மரணசாசனம் எழுதாது இறக்கின்றார். வளவு நான்கு பங்காகின்றது. அம்மக்களுள் ஒருவர் துணையை இழந்தபின் மூன்று பிள்ளைகளை விட்டு இறப்பின், அப்பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் உரியது பன்னிரண்டில் ஒரு பங்கேயாகும். இப்பன்னிரண்டில் ஒரு பங்குடையவர் வீட்டிலே குடியிருப்பதனால் முழு வளவுக்கும் உரியவர் போலத் தோன்றுவார். அவரிடம் முழுவிலை கொடுப்பவர் பன்னிரண்டில் ஒரு பங்கையே பெறுவர். போரினாற் குடும்பங்கள் பல தேசங்களிற் சிதறிய இக்காலத்தில், ஏனைப் பதினொரு பங்குக்கும் உரியோர் ஒருவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் இருத்தல் அரிதன்று. அவர் அனைவரதும் கையொப்பமோ, அவர் முறைப்படி எழுதிக்கொடுத்த அற்றோணித் தத்துவமோ இன்றி விலை முடிப்பது பேதைமையாம்.

இரண்டாவது, உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. வாய்ப்பேச்சும் கைச்சீட்டும் பயன்படா. எழுதிய உறுதியைக் காணிப்பதிவகத்திற் பதிதலும் வேண்டும். பதியாது வைத்திருப்பின், அதே காணியைப் பின்னர் விலைக்கு வாங்கி முந்திப் பதிந்தவர்க்கு முதன்மை போய்விடக் கூடும். வாங்குமுன் பதிவேட்டைத் தேடுவித்தால், ஈடு, ஒற்றி, வழக்கு முதலியன அக்காணிமேற் பதிவாகியிருப்பின் வெளிப்படும். ஒற்றி என்பது வட்டிக்குப் பதிலாகக் காணியின் வருமானத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்கும் முறையாதலால், விற்பவர் ஒருவராகவும் அனுபவிப்பவர் வேறொருவராகவும் இருத்தல் உண்டு. ஆகவே பதிவேட்டை மாத்திரம் நம்பாது, நேரே சென்று வளவில் ஆட்சி செய்பவர் யாரென்று விசாரித்தல் நன்று.

மூன்றாவது, அளவும் எல்லையும். உறுதிகளில் நிலவளவு பரப்பு, குழி என்னுங் கணக்கில் வரும். வரகுப் பரப்பாயின் 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்பரப்பாயின் 24 பரப்பு ஓர் ஏக்கர். வரகுப் பரப்பொன்று 18 குழியும், நெற்பரப்பொன்று 12 குழியும் கொண்டனவாதலால் இருவழியிலும் ஏக்கருக்கு 288 குழியே வரும். எவ்வகைப் பரப்பென்று நோக்காது விலை பேசுபவர் மூன்றில் ஒரு பங்கு நிலத்தை எண்ணத்தளவில் இழப்பர். எல்லைகள் நான்கு திக்கிலும் உள்ள அயற்காணிக்காரரின் பெயராலேயே பழைய உறுதிகளிற் குறிக்கப்படும். அவருட் பலர் இறந்து இரண்டு தலைமுறை கழிந்திருக்கலாம். நெடுந்தீவிலே கல்லடுக்கி இட்ட வேலிகள் இன்றும் எல்லை காட்டும். ஏனைய இடங்களிலோ ஓலைவேலி மக்கிப் போயிற்று. அயலாரை அழைத்து, அவர் முன்னிலையில் நில அளவையாளரைக்கொண்டு அளப்பித்துப் படம் வரைவித்தலே இதற்குத் தக்க பரிகாரம்.

நான்காவது, கிணறு. தீவகத்தில் நன்னீர் பொன்னினும் அரிது. சுண்ணக்கல் நிலத்தில் மழைநீர் ஊறி, உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் கண்ட கணக்கு. இதனை மறுதலையாக நோக்கின் அபாயம் விளங்கும்: மேன்மட்டத்தை நிலையாக ஓரடி தாழ்த்தினால், கீழிருந்து உவர் 40 அடி வரை ஏறக்கூடும். துலாவால் இறைத்த காலத்தில் நீர் மெல்ல ஊறிற்று. நீரிறைக்கும் இயந்திரம் அவ்வாறு பொறுப்பதன்று. எனவே கிணற்று நீரை மாரிக்காலத்தில் அன்று, கோடை முதிர்ந்த ஆவணி, புரட்டாதி மாதங்களிற் சுவைத்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும். பல வளவுகளுக்குத் தனிக்கிணறு இல்லை. கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காற் பாத்தியதையும் உறுதியிலே எழுதப்பட்டிருக்கும். எழுதப்படாதாயின், வீடு நுமதாகவும் நீர் பிறரதாகவும் நிற்கும்.

ஐந்தாவது, கடல். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள இடம் கரையோர வலயமாகும். அதனுட் புதுக் கட்டடம் எழுப்ப அனுமதி பெறல் வேண்டும். அகலங் குறைந்த தீவுகளில் இவ்வலயத்துள் அடங்கும் வளவுகள் பலவாதலால், இடிந்த வீட்டை வாங்கிப் புதிது கட்டலாம் என எண்ணுவோர் முன்னரே விசாரித்தறிதல் நன்று.

புறநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒருவார்த்தை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நிய நாட்டுக் குடிகள் இலங்கையிற் காணி வாங்குதலைத் தடுத்தது. இரட்டைக் குடியுரிமை உடையோர் அதற்கு விலக்கு. நும்முடைய காணியைப் பிறர் ஆள விட்டுவைத்தலும் அபாயமே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி, உரியவருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அதனால் உரித்துப் பெறுதல் கூடும். போரினால் தம் உரிமையைப் பேண இயலாதிருந்தோர் பொருட்டு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தனியேற்பாடு செய்தது; ஆயின் எக்காலத்தும் அத்தகைய சட்டம் வந்து காக்கும் என எண்ணியிருத்தல் தகாது.

இவையெல்லாம் கேட்டு, தீவகத்தில் வீடு வாங்குதல் பெருந்தொல்லை எனச் சிலர் கருதலாம். அங்ஙனமன்று. ஒரு கிணற்றில் நால்வர் அள்ளியும், ஒரே ஓடத்தில் ஊரார் அனைவரும் ஏறியும் வாழும் இடத்தில், அயலாரை அறியாது குடியிருக்க ஒருவராலும் ஆகாது. பங்காளரைத் தேடிக் கையொப்பம் வாங்குபவரும், எல்லைக்கு அயலாரை அழைப்பவரும், கிணற்றுப் பங்கைக் கேட்டு எழுதுவிப்பவரும், தாம் யாரோடு வாழப்போகின்றார் என்பதை அவ்வாற்றால் அறிந்துகொள்கின்றனர். சட்டம் கட்டாயப்படுத்தும் அவ்விசாரணை, உண்மையிலே குடிபுகுதலின் முதற்படியாகும். அப்படியை மிதித்து ஏறியவரின் வீட்டிலே விளக்கெரியும்; பல்லாண்டு பூட்டிக் கிடந்த ஒழுங்கையில் மீளவும் ஆள் நடமாட்டம் உண்டாகும்.