ஒரு சில்லு, இரண்டு உலாவிகள்

ஈஎஸ்பி32 சில்லின் உள் நினைவகம் 520 கிலோபைட்தான். வைஃபை தன் பங்கை எடுத்தபின் மிஞ்சுவது இன்னும் குறைவு. அதில் ஓடும் வலைச் சேவையகம், மெமரி கார்டில் உள்ள பல மெகாபைட் வெப்பநிலைப் பதிவை உலாவிக்கு அனுப்புகிறது. எப்படி?

துண்டு துண்டாக. மொத்த நீளத்தை முன்கூட்டிச் சொல்லாமலே பதில் அனுப்ப, 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 வழிசெய்தது. ஒவ்வொரு துண்டின் முன்னாலும் அதன் அளவு பதினாறடிமான எண்ணில் இருக்கும். 400 என்றால் 1024 பைட். அளவு 0 என்று வந்தால் பதில் முடிந்தது.

இரண்டாவது உலாவி வரும்போதுதான் வம்பு. எதுவரை அனுப்பினோம் என்பதை ஒரே பொது மாறியில் வைத்திருந்தால், இருவர் ஒரே அடையாளச் சீட்டை வைத்துப் புத்தகம் படித்த கதைதான். ஒருவருக்குப் போன பகுதி மற்றவருக்குப் போகாது. துண்டுகளின் வடிவம் சரியாக இருப்பதால் உலாவி பிழை என்றும் சொல்லாது. கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

ஆகவே இணைப்புக்கு ஒரு தனிக் குறிப்பு: எந்தக் கோப்பு, எந்த இடம். சில பைட்டுகளே செலவு. மெதுவான கைபேசியின் டிசிபி இடையகம் நிரம்பியிருந்தால் அங்கேயே காத்துக் கிடக்காமல் அடுத்த இணைப்புக்கு நகர வேண்டும்.

உண்மையில் நினைவகத்தைத் தின்பது, ஒப்புகை வரும்வரை டிசிபி பிடித்து வைத்திருக்கும் தரவு. அதனால் இணைப்புகளுக்கு வரம்பு வைத்து, மீறி வருபவருக்கு 503 என்று பதில் சொல்வதே மேல்.