கிருமியைத் தேடி – 14: சாயம் போகாத கிருமி

சென்ற வாரம் டைஃபாய்டுக்கான விடால் சோதனையோடு நிறுத்தினோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது, என்று சொல்லியிருந்தோம். வரும். அதற்கு முன் சாயத்தைப் பற்றிப் பேசியே தீர வேண்டியிருக்கிறது.

திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் யாருக்கும் சாயத்தை அறிமுகப்படுத்த வேண்டாம். சாயப்பட்டறைகளும் அவற்றின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் உள்ள ஊர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் மாசுக்காகப் பட்டறைகளை மூடச் சொன்னதை இந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. அங்கே டையிங் மாஸ்டரின் அன்றாடக் கவலை, அலசினால் சாயம் நிற்குமா, போகுமா என்பதுதான். காசநோய்க்காகச் சளியைச் சோதிக்கும் லேப் டெக்னீஷியனும் இதையேதான் பார்க்கிறார்.

கண்ணாடித் துண்டில் சளியை மெல்லிசாகத் தேய்த்து, காய்ந்ததும் சூடுகாட்டிப் பதிய வைப்பார். மேலே கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம். அடியில் தீ காட்டி ஆவி எழும்வரை சூடாக்கி, ஐந்து நிமிடம் விடுவார். பிறகு 25 சதவீத சல்ஃப்யூரிக் அமிலத்தை ஊற்றுவார். மற்றக் கிருமிகளெல்லாம் வெளுத்துவிடும். காசநோய்க் கிருமியின் சுவரில் மெழுகு போன்ற கொழுப்பு இருப்பதால், உள்ளே போன சிவப்பு வெளியே வராது. கடைசியாக மெத்திலீன் நீலம். மைக்ராஸ்கோப்பில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் பாசிட்டிவ். நூறு பார்வைப் புலங்களைப் பார்த்தும் ஒன்றும் இல்லை என்றால்தான் நெகட்டிவ் என்று எழுதலாம்.

இந்தச் சாயங்கள் மருத்துவத்துக்காகப் பிறந்தவையே அல்ல! ஃபுக்சின், 1850களின் இறுதியில் பிரான்சின் லியோன் நகரில் பட்டுக்கும் கம்பளிக்கும் நிறமேற்ற வந்தது. மெத்திலீன் நீலத்தை 1876இல் பருத்திக்காகவே தயாரித்தவர் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனியின் ஹைன்ரிஷ் காரோ. ஆறே ஆண்டுகளில், 1882 மார்ச் 24 அன்று, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தபோது, அதைக் காட்டிக்கொடுத்தது அந்த நீலம்தான். பழைய பாட்டில் சாயம் பிடித்ததாம், புதிதாகக் கரைத்தது பிடிக்கவில்லையாம். ஆய்வுக்கூடக் காற்றிலிருந்த அம்மோனியா பழைய பாட்டிலில் கலந்திருக்கும் என்று ஊகித்துக் காக் காரம் சேர்த்தார் என்று சொல்வார்கள். சோடா ஆஷ் என்ற காரம் போடாமல் ரியாக்டிவ் சாயம் நிற்காது என்பதை அறிந்த திருப்பூர்க்காரர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள், இரண்டுக்கும் ரசாயனம் வேறு என்றாலும்.

அமிலத்தில் அலசிப் பார்க்கும் யுக்தியை அதே ஆண்டு கொண்டுவந்தவர் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிஷ். சில ஆண்டுகள் கழித்து, தன் முறையைக் கொண்டே தன் சளியில் அந்தக் கிருமியைக் கண்டவரும் அவர்தான். எகிப்துக்குப் போய் ஓய்வெடுத்துத் தேறி வந்தார்.

1884இல் கிராம் என்ற டேனிஷ் மருத்துவர் ஊதாச் சாயத்தை அயோடினால் பிடிக்க வைத்து, ஆல்கஹாலில் அலசிக் கிருமிகளை இரண்டு சாதியாகப் பிரித்தார். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

ஒரு வேடிக்கை. பருத்தியில் இந்தப் பழைய சாயங்கள் வெயிலுக்கு நிற்பதில்லை. எந்த பையரும் டி-ஷர்ட்டுக்கு இவற்றை ஏற்க மாட்டார். பனியன் தொழில் கைவிட்ட சரக்கை ஆய்வுக்கூடம் நூற்று நாற்பது ஆண்டுகளாக விடாமல் வைத்திருக்கிறது. அது சரியான முடிவுதான். விலை மலிவு, மின்சாரம் போனாலும் வேலை நடக்கும்.

குறையும் உண்டு. ஒரு மில்லி சளியில் சுமார் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தால்தான் சாயத்தில் சிக்கும். அதற்குக் குறைந்தால் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1956இல் தொடங்கிய சென்னை காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959இல் உலகுக்குச் சொன்னபோது, நம்பியிருந்தது சளி கல்ச்சரைத்தான். கல்ச்சருக்காக முட்டையில் செய்யும் ஊடகத்தின் பச்சை நிறம்கூட மாலகைட் பச்சை என்ற துணிச்சாயம்தான்! வேண்டாத கிருமிகளை அது அடக்கும். முடிவு வர ஆறிலிருந்து எட்டு வாரம். இன்று இந்தியாவில் உருவான, பேட்டரியில் இயங்கும் ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனைக் கருவி சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது.

கல்ச்சர் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள், பரிசோதனை இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்தச் சாயமும் உதவாது. ஆழ்ந்து இருமி, நெஞ்சுச் சளியைக் கொடுக்க வேண்டும்.