ஸ்பேனரை எடுக்கும் முன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு சென்னையிலும் கடலூரிலும் வீட்டுக்கு வீடு பழுது வேலை தொடங்கிவிடும். மொட்டை மாடி ஒழுகியிருக்கும். சுவரில் ஓதம் ஏறியிருக்கும். சுவிட்ச் போர்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். தண்ணீரில் நின்ற பைக் கிளம்பாது. அந்த நேரம் பார்த்துக் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் மெக்கானிக்கும் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் அவர்கள் சொல்லும் தொகை தலைசுற்ற வைக்கும். போனில் யாரோ ஒருவர் அதே வேலையைப் பத்து நிமிடத்தில் செய்து காட்டுகிறார். நாமே செய்துவிடலாமே என்று தோன்றும்.

தோன்றுவதில் தவறில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றவும், வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாற்றவும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. பெரிய வேலையில் இறங்கும்போதுதான் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். தவறினால் உயிர் போகுமா என்பது ஒன்று. இதைச் சரிசெய்து தரச் சட்டப்படி கடமைப்பட்டவர் வேறு யாரேனும் உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்வியாவது பலருக்குத் தோன்றுகிறது. இரண்டாவதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அதனால் தமக்குச் சேர வேண்டியதைத் தாமே இழந்துவிடுகிறார்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது, குளியலறைச் சுவரில் கசிவு என்று வைத்துக்கொள்வோம். நாமே டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, கடையில் வாங்கிய நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை அடித்துவிடுகிறோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ‘ரெரா’ என்று நாம் சொல்வது, அதன் 14ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து, அதைச் சொல்லிவிட்டால், கட்டிக்கொடுத்தவர் 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். டைல்ஸைப் பெயர்த்த பிறகு போய்க் கேட்டால், நீங்கள் கை வைத்ததால்தான் ஒழுகுகிறது என்பார். அதை மறுக்க நம்மிடம் சாட்சி இருக்காது. படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் புகார் அனுப்பி, 30 நாள் காத்திருப்பதுதான் அங்கே முதல் வேலை.

வாடகை வீட்டிலும் இதே கதைதான். 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின் வயரிங், வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர் பழுது, கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துவிட்டு அந்தச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் முதலில் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், ரசீது இருக்க வேண்டும். “அண்ணே, நானே பாத்துக்கிறேன்” என்று வாயால் சொல்லிவிட்டு வயரிங்கை மாற்றியவருக்கு அந்தப் பணம் திரும்ப வருவது கடினம்.

பொருட்களுக்கு வருவோம். வாரண்டி காலத்தில் வெளியே கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று கடையில் மிரட்டுவார்கள். அந்த மிரட்டல் அப்படியே சட்டம் ஆகிவிடாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், பழுதுநீக்கும் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்தைக் காட்டி வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளியே செய்த வேலையின் கோளாறால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அந்த உத்தரவின் சாரம். அபராதத் தொகை பின்னர் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகளில் கையேடு, உதிரிபாகம், வாரண்டி விவரங்களை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்பது அதன் நோக்கம். கழற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. மாட்டும் உதிரிபாகத்துக்குப் பில் வாங்குங்கள். பில் இல்லாத பாகம் நாளைக்கு நம் வழக்கையே பலவீனப்படுத்தும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் முழுகிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் நம் கை முதலில் போவது சாவிக்குத்தான். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை பிஸ்டனால் அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே பாழாகும். அதன் பிறகு காப்பீட்டு நிறுவனம், வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்று பிரிக்கும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, இரண்டாவது சேதம் சாதாரண பாலிசியில் வராது. எனவே சாவி போடாதீர்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பது தெரியும்படி படம் எடுங்கள். பாதுகாப்பாக எட்ட முடிந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டோ வண்டியை அழையுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் ஒரு நட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

இனி உயிர் பற்றியது.

மின் வேலையில் சட்டமே கோடு போட்டிருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை, இணைப்பின் திறனோ தன்மையோ மாறாத வகையில், வீட்டில் இருப்பவர் மாற்றலாம். ஏசிக்குப் புது லைன் இழுப்பது, மெயின் போர்டை இடம் மாற்றுவது, பழைய வயரிங்கைப் புதுப்பிப்பது எல்லாம் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில், செய்ய வேண்டியவை. மீட்டருக்கு அந்தப் பக்கம் உள்ளதில் நமக்கு வேலையே இல்லை. அங்கே பழுது என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அழைப்பதுதான் வழி. முத்திரையை உடைத்தால் அது மின்திருட்டு வழக்காகவும் மாறலாம்.

கோடு போட்டதற்குக் காரணம் உண்டு. 230 வோல்ட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பின் வழியே ஓடுவது ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். நெஞ்சின் வழியாக அந்த அளவு சில விநாடிகள் பாய்ந்தாலே மூச்சும் இதயமும் நிற்கும் ஆபத்து உண்டு. எம்சிபி இருக்கிறதே என்று நம்பக் கூடாது. எம்சிபி காப்பது வயரை. 10, 16 ஆம்பியர் தாண்டினால்தான் அது விழும். ஆளைக் காப்பது ஆர்சிசிபி. கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொடும் முன்பே அது இணைப்பைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டு மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்; இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அதன் பெயர் இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டோம் என்று தைரியமாகக் கை வைப்பார்கள். வெளிச் சப்ளை போனதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு அதே ஃபேன் பாயிண்டுக்கு 230 வோல்ட் அனுப்பும். இரண்டையும் அணைத்து, டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று சோதித்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்த்த பின்தான் தொட வேண்டும். ஏசி கண்டென்சர் யூனிட்டைப் பிரிப்பவர்கள் கவனிக்க: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும். இன்றைய ஏசிகளில் வரும் ஆர்-32, ஆர்-290 வாயுக்கள் தீப்பற்றக் கூடியவை. சமையல் எரிவாயு ரெகுலேட்டரை எக்காரணம் கொண்டும் பிரிக்கவே கூடாது. கசிவு என்றால் 1906.

கார் வேலையில் நான் திரும்பத் திரும்பக் கேள்விப்படும் விபத்து ஜாக்கி சரிவது. வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. சமதளத்தில், எதிர்ச் சக்கரத்துக்கு அடைக்கட்டை கொடுத்து, இரும்பு ஸ்டாண்டில் எடையை இறக்கிய பிறகே உள்ளே போக வேண்டும். அது இல்லையென்றால் அந்த வேலை வேண்டாம். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஏர்பேக், எலக்ட்ரிக் வண்டியின் பேட்டரி ஆகிய ஐந்தையும் பழகியவரிடம் விட்டுவிடுங்கள். எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் அது சில நூறு வோல்ட். பிரேக்கில் தவறினால் ஆபத்து நமக்கு மட்டுமில்லை, எதிரே சைக்கிளில் வரும் பிள்ளைக்கும் சேர்த்து.

பழுது பார்ப்பது வேறு, வண்டியை மாற்றி அமைப்பது வேறு. ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் சொன்னதற்கும் மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

வீட்டில் சுவர் இடிப்பது பற்றி: மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தூண் கிடையாது, தேக்கு உத்திரங்களின் பாரம் முழுவதும் சுவரில்தான் நிற்கிறது. சமையலறையைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுத்தால் மேல்தளம் இறங்கும். பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுத்தில் சொல்லாமல் எந்தச் சுவரிலும் தூணிலும் கை வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கொடியது மூடிய தொட்டி. செப்டிக் டேங்க்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. குடிநீர் சம்ப்பும் பாதுகாப்பானதில்லை. புதிதாகக் கட்டிய சம்ப்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள், பிராணவாயு இல்லாமல், வாடையே இல்லாத காற்றில் சுருண்டு விழுந்திருக்கிறார்கள். விழுந்தவரைத் தூக்க மகன் இறங்குவான், அவனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். நம் மாவட்டச் செய்திகளில் ஒரே தொட்டியில் மூன்று பேர் என்று வருவது இப்படித்தான்.

நாமும் இறங்கக் கூடாது, கூலி கொடுத்து யாரையும் இறக்கவும் கூடாது. கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்குபவரையே குற்றவாளியாக்குகிறது: முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இது வீட்டுக்காரருக்கும் பொருந்தும். கழிவுநீர் ஊர்தியை அழைக்க 14420 இருக்கிறது.

பணம் கொடுத்துச் செய்த வேலையோ, வாங்கிய பாகமோ ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது? முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். காப்பீட்டில் தகராறு என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, ஒரு மாதம் பார்த்து, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கும் கட்டணம் இல்லை. எங்கே போனாலும் கேட்கப்போவது இவற்றைத்தான்: வேலைக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம், பில், பேசியதன் எழுத்துப் பதிவு. கழற்றிய பழைய பாகத்தையும் மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, ஒரு பையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள்.